டேண்டம் சைக்கிளின் பின் சீட்டில் என் வீட்டுக்காரர்

இன்று காலை உலு யாம் மலை ரோட்டில் ஒரு முட்டாள்தனம் செய்தேன்!

கண் தெரியாத மனிதருக்குக் கை காட்டினேன்.

(திட்டுவதற்கு முன் முழுவதும் படித்துவிடுங்கள், ப்ளீஸ்.)

அந்த மனிதர் என் வீட்டுக்காரர் செல்வம். பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து கிளம்பி இந்த மலை ரோடுகளை எல்லாம் சைக்கிளில் சுற்றியவர். எங்கள் சைக்கிள் கூட்டத்தில் எப்போதும் அவர்தான் முன்னால், நான் அவருக்குப் பின்னால். கண்ணில் பிரஷர் ஏறி பார்வை போன பிறகு அவருடைய சைக்கிள் பால்கனியில் துணி காயப்போட மட்டும் உதவியது.

போன மாதம் ஒரு நண்பர் தன்னுடைய டேண்டம் சைக்கிளைக் கொடுத்தார். இரண்டு பேர் மிதிக்கும் சைக்கிள். முன்னால் இருப்பவர் கையில் ஹேண்டில், பிரேக் எல்லாம். "ஓட்டிப் பாருங்க, புடிச்சா வச்சுக்குங்க. இல்லன்னா திருப்பிக் குடுங்க" என்றார்.

இவர் அப்போதே முகத்தைச் சுளித்தார்.

"நான் என்னா உருளக்கெழங்கு மூட்டையா? பின்னால ஏத்திட்டுப் போறதுக்கு?"

நான் கெஞ்சிக் கூத்தாடியதில், ஒரே ஒரு தடவை மலை ரோட்டுக்கு வருவதாக ஒப்புக்கொண்டார். பிடிக்கவில்லை என்றால் சைக்கிளைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், அதற்குப் பிறகு நான் இந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது. அதுதான் ஒப்பந்தம்.

அந்த ஒரு தடவைதான் இன்று!

துணைக்கு எங்கள் கூட்டத்து ரஃபீக் வந்தார். கீழக்கரைக்காரர், செலாயாங்கில் ஜவுளிக் கடை வைத்திருக்கிறார். அவர் எங்களுக்குப் பின்னாலேயே ஓட்டி வந்தார். 'பத்து' என்கிற அணையைத் தாண்டினால் ரோடு காட்டுக்குள் ஏறும். லோரி சத்தம் இல்லை, ஹாரன் இல்லை. மூங்கில் உரசுகிற சத்தமும் எங்கள் மூச்சும்தான் கேட்டது. (என் மூச்சுதான் அதிகம்!)

எங்கள் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. ரோட்டில் குழியைப் பார்த்தால் முன்னால் போகிறவர் மலாயில் "லுபாங்!" என்று கத்தி, அது இருக்கிற பக்கம் கையை இறக்கிக் காட்டுவார். அடுத்தவர் தனக்குப் பின்னால் வருகிறவருக்கு அதே போலக் காட்டுவார். கடைசி ஆள் வரைக்கும் சேதி போய்விடும். ஏற்றத்தில் மூச்சு வாங்கும்போது கத்த மாட்டோம், கை மட்டும்தான்.

அதுதான் என் கையில் ஊறிப்போயிருக்கிறதே! ஏற்றத்தில் ஒரு பெரிய குழி. ஹேண்டிலிலிருந்து ஒரு கையை எடுத்து அழகாகக் காட்டினேன்.

பின் சக்கரம் தொம்மென்று உள்ளே இறங்கியது. மனிதர் சீட்டிலிருந்து எகிறி உட்கார்ந்தார். தண்ணீர் பாட்டில் ரோட்டில் உருண்டது.

"என்னாது அது?"

"லுபாங்குங்க."

"சொல்ல வேண்டியதுதானே?"

"கை காட்டினேன்."



"யாருக்கு? எனக்கா?"

அவர்தான் முதலில் சிரித்தார். நான் சைக்கிளை ஓரம் கட்டிவிட்டுச் சிரித்தேன், அப்படியே அழுதும் விட்டேன். பாட்டிலைப் பொறுக்கிக்கொண்டு வந்த ரஃபீக், நாங்கள் சண்டை போடுகிறோமா கொஞ்சுகிறோமா என்று புரியாமல் முழித்தார்.

"கலா, நீ வாயால சொல்லு, எந்தப் பக்கம்னும் சொல்லு. மிச்சத்த நான் பாத்துக்கிறேன்" என்றார் இவர்.

அதற்கப்புறம் இறக்கம் முழுவதும் "லுபாங் லெஃப்ட்! லுபாங் ரைட்!" என்று தொண்டை கட்டும் வரை கத்திக்கொண்டே வந்தேன். திரும்பிப் பார்க்கவே இல்லை. டேண்டத்தில் முன்னால் இருப்பவர் திரும்பினால் இரண்டு பேருமே காட்டுக்குள்தான்!

உலு யாம் பழைய பட்டணத்தில், வரிசையாக நிற்கும் அந்தக் காலத்துப் பலகைக் கடைகளில் ஒன்றில் கோப்பி குடிக்க உட்கார்ந்தோம். ரஃபீக் முகம் கழுவப் போனார். ஆர்டர் எடுக்க வந்த ஆன்டி இவரைப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்.

"அவருக்குச் சீனி போடலாமாம்மா?"

"போடலாம் ஆன்டி" என்று இவரே பதில் சொன்னார். ஆனால் முகம் வாடிவிட்டது. ஆன்டி உள்ளே போனதும் மெதுவாகச் சொன்னார்.

"நல்லாதான் இருந்துச்சு. ஆனா திருப்பிக் குடுத்துரலாம். நீ ரஃபீக்கோட ஃப்ரீயா ஓட்டு. நான் சும்மா பின்னால ஒக்காந்து வர்ற ஆளு. எனக்குப் பதிலா ஒரு மோட்டார் மாட்டினாலும் இந்த சைக்கிள் போகும்லா."

 ஒப்பந்தம் ஒப்பந்தம்தானே, என்ன பேச?

அந்த நேரம் பார்த்து ஈர முகத்தோடு வந்த ரஃபீக், இவர் தோளைப் பிடித்தார்.

"அண்ணே, ரொம்ப தேங்க்ஸ்ணே!"

"எதுக்கு?"

"எறக்கத்துல நீங்க கை காட்டலன்னா ரெண்டு எடத்துல விழுந்திருப்பேன். அக்கா கத்துறது காத்துல ஒண்ணுமே கேக்கல. உங்க கையப் பாத்துத்தான் வந்தேன். லெஃப்ட்டு, ரைட்டு, ஒண்ணு விடாம காட்டுனீங்களே!"

நான் இவரைப் பார்த்தேன்.

"நீங்க கை காட்டினீங்களா?"

"பின்னால ஆள் வருதுல்ல?" என்றார் சாதாரணமாக. "காட்டாம எப்படி விடுறது?"

ஆன்டி கோப்பி கொண்டு வந்து வைத்தார். இவர் கப்பைத் தடவி எடுத்து ஒரு வாய் குடித்தார். அந்த முகத்தில் ஒரு சிரிப்பு மெதுவாக ஏறியது. முன்னால் சைக்கிள் ஓட்டிக்கொண்டு எனக்கு வழி காட்டிய காலத்தில் பார்த்த அதே சிரிப்பு. எத்தனை ஆசையாக இருந்தது தெரியுமா எனக்கு!

திரும்பும்போது சின்னக் கல்லுக்குக் கூட "லுபாங்!" என்று கத்தினேன்.

"ஏய், நெஜமாவே குழி இருக்கா, இல்ல சும்மா கத்துறியா?"

"நீங்க கைய காட்டுங்க!"

டேண்டம் கொடுத்த நண்பரே, இதைப் படித்தால் மன்னியுங்கள். உங்கள் சைக்கிள் இப்போது எங்கள் பால்கனியில் இருக்கிறது. துணியை எல்லாம் அவரே எடுத்து உள்ளே போட்டுவிட்டார்!