ஆளுக்கு ஒரு ஸ்வீடன் ஸ்டாண்டு

உத்திரமேரூர் கடைத்தெருவில் எனக்கு ஃபிரேம் போடும் கடை. சாமிப் படம், மெக்கா படம், கல்யாண ஃபோட்டோ எதுவானாலும் ஒரே கண்ணாடிதான். அதன் ஓரத்தைப் பார்த்தால் பச்சையாக இருக்கும். இருபது வருடம் அந்தப் பச்சையைப் பார்த்தே பழகிய கண் என்னுடையது.

தொண்ணூறுகளின் நடுவில் ஒருநாள், பழைய ஜன்னல் கண்ணாடி வாங்க காஞ்சிபுரத்தில் ஒரு காயலான் கடைக்குப் போயிருந்தேன். எங்கேயோ வெளிநாட்டு நர்சுகள் தங்கியிருந்த பங்களாவைக் காலி செய்தபோது வந்த சாமான்கள் சாக்கு சாக்காகக் கிடந்தன. ஒன்றுக்குள் கையை விட்டதும் கனமாக ஏதோ தட்டுப்பட்டது. ஐஸ் கட்டியை உடைத்தது மாதிரி ஒரு கண்ணாடி, நடுவில் குழி. வெயிலில் தூக்கிப் பிடித்தேன். ஓரத்தில் துளிகூடப் பச்சை இல்லை.

"அது இன்னாத்துக்கு பாய்? சிகரெட் சாம்பல் தட்டுறதா கீது" என்றார் கடைக்காரர்.

கடையில் பில் பறக்காமல் இருக்க அதை வைத்துக்கொண்டேன். கரண்டு போன ஒரு மத்தியானம் மெழுகுவத்தியைக் குழியில் நிறுத்திப் பார்த்தேன். நம் ஊர் மெழுகுவத்தி அதற்கு ஒல்லி. அடியில் காகிதம் சுற்றியதும் நின்றது. கட்டிக்குள் இருந்த சின்னச் சின்னக் குமிழெல்லாம் ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பித்தன. அன்றைக்கு வேலை ஓடவில்லை.

பள்ளிக்கூட குரூப் ஃபோட்டோவுக்கு ஃபிரேம் போட வந்த டீச்சர் ஒருவர்தான் அது என்னவென்று சொன்னார். பெரிய பள்ளியில் சயின்ஸ் எடுத்தார். அவர் அப்பா கோயிலில் மணியக்காரராக இருந்தவர். டீச்சர் கண்ணாடியைக் கவிழ்த்து, ஊசியால் கீறினாற்போல் இருந்த எழுத்தைக் கூட்டிப் படித்தார்.

"பாய், இது ஸ்வீடன்ல செஞ்சது. எங்க கெடைச்சுது?"

சொல்லியிருக்கக் கூடாது. அடுத்த மாதம் நான் போனபோது கடைக்காரர் கையை விரித்தார். "டீச்சரம்மா நேத்தே வந்து ரெண்டு பீஸ் எடுத்துக்கினு பூட்டாங்க."

அதிலிருந்து ஏழெட்டு வருடம் இருவருக்கும் போட்டி. எனக்கு ஒரு நீலக் கண்ணாடிப் பறவையும் புகை நிறக் கிண்ணமும் கிடைத்தால், அவருக்கு இரும்பில் ஐந்து கை வைத்த மெழுகுவத்தி ஸ்டாண்டு கிடைக்கும். சாக்கு காலியானதும் கிழக்குக் கடற்கரைச் சாலைப் பழைய சாமான் கடைகள் வரைக்கும் அலைந்தோம், தனித்தனியாக. என் மனைவிக்கு இதெல்லாம் பேஜார். "வூட்ல டம்ளர் வைக்க எடமில்ல, கல்லு கல்லா அடுக்கிக்கினு கீறீங்க" என்பாள். ஆனால் துடைப்பது அவள்தான். என்னைத் தொடவிட மாட்டாள்.

சாக்கு காலியாவதற்கு முன் ஒரு தடவை இருவரும் ஒரே நாளில் காயலான் கடையில் மோதிக்கொண்டோம். மேசையில் பூ மலர்ந்தது போல வாய் விரிந்த இரண்டு ஸ்டாண்டுகள். தேன் நிறம். நான் ஜோடியாக வேண்டும் என்றேன். டீச்சரும் அதையேதான் சொன்னார். கடைக்காரர் இரண்டையும் பார்த்தார், எங்களையும் பார்த்தார். "சண்ட வாணாம். ஆளுக்கு ஒண்ணு" என்று பேப்பரில் சுற்றிக் கொடுத்துவிட்டார்.

உங்களுடையதைக் கொடுங்கள் என்று நானும் அவரும் மாறி மாறிக் கேட்டே இரண்டு வருடம் போனது. அதற்குள் ஊருக்கு பிரௌசிங் சென்டர் வந்திருந்தது. ஒரு சனிக்கிழமை டீச்சர் கடைக்கு வந்தார். "பாய், கொஞ்சம் வாங்க. ஒண்ணு காட்டணும்."

கம்ப்யூட்டரில் எங்கள் ஸ்டாண்டின் படம் இருந்தது. டீச்சர் படித்துச் சொன்னார். அரிய பொருளெல்லாம் இல்லை. அந்த நாட்டில் சாதாரண வீடுகளில் சாப்பாட்டு மேசையில் வைக்கிறதற்காக ஃபேக்டரியில் செய்தது. எனக்கு முகம் தொங்கிப்போனது. அவர் சிரித்தார். பிறகு திரையில் விரலை வைத்தார். படத்தில் இரண்டு இல்லை, மூன்று. சிறியது, நடுத்தரம், பெரியது.

இரண்டு ஸ்டாண்டையும் என் கடைக்குக் கொண்டுவந்து ஸ்கேலை வைத்து அளந்தோம். அவருடையது என்னுடையதைவிட அரை விரல் குட்டை. இத்தனை நாள் ஜோடி ஜோடி என்று அடித்துக்கொண்டது ஜோடியே இல்லை. பெரியதைக் காணோம்.

மறுநாளே இருவரும் ஒரே பஸ்ஸில் காஞ்சிபுரம் போனோம். அவரவர் மடியில் அவரவர் ஸ்டாண்டு. விஷயத்தைச் சொன்னதும் கடைக்காரர் தலையைச் சொறிந்துகொண்டு, கடைக்குப் பின்னால் இருந்த தன் வீட்டுக்குக் கூட்டிப்போனார்.

மூன்றாவது அங்கே டி.வி. மேல் இருந்தது. வாயில் ஊதுவத்திகள் செருகியிருந்தன, பக்கத்தில் ஒரு சின்னப் பெண்ணின் ஃபோட்டோ. படத்துக்கு மாலை.

"எங்க பொண்ணு" என்றார் கடைக்காரரின் மனைவி. "ஜொரத்துல பூட்டா. சாமான் வந்தப்போ இத தூக்கி வெச்சிக்கினு வெளயாடிக்கினு இருந்தா. அதான் இத மட்டும் விக்க வாணாம்னு சொல்லிட்டேன்."

டீச்சர் கூடையிலிருந்து தன்னுடையதை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார். நானும் வைத்தேன். அந்த அம்மா ஊதுவத்திச் சாம்பலைத் துடைத்துவிட்டு மூன்று மெழுகுவத்தி கொண்டுவந்தார். காகிதம் சுற்றி நிறுத்தியது நான். பட்டப்பகல், கரண்டும் இருந்தது, இருந்தாலும் ஏற்றினோம். மூன்று தேன் நிற வட்டங்கள் சுவரில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு தெரிந்தன. டீ குடித்து முடிக்கும் வரை எரிந்தன.

கிளம்பும்போது டீச்சர் தன்னுடையதை எடுக்கவில்லை. "இது இங்கயே இருக்கட்டும்மா" என்றார். நான் என்னுடையதில் இருந்த மெழுகுவத்தியை ஊதி அணைத்து, சூடு ஆறும் வரை காத்திருந்து, ஸ்டாண்டைப் பேப்பரில் சுற்றினேன்.

பஸ்ஸில் அவர் என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். இறங்குகிற சமயத்தில்தான், "உங்களால முடியாது பாய், எனக்குத் தெரியும்" என்றார். அதைக் கோபமாகச் சொன்ன மாதிரியும் இல்லை.

இன்னும் அந்தக் கடைக்குக் கண்ணாடி வாங்கப் போகிறேன். அந்த அம்மா கண்ணில் பட்டால் கேட்பார்: "உங்களுது எப்ப வரும் பாய்?"

"அடுத்த தடவ கொண்டாறேம்மா" என்பேன்.

சொல்லும்போதெல்லாம் நிஜமாகத்தான் சொல்கிறேன்.