சவரிமுத்து சார் சந்தேகப்படாத ஆள்

போன செவ்வாய்க்கிழமை காலை புதுக்கோட்டைப் பேருந்து நிலையத்துக்கு எதிரே டீ குடித்துக்கொண்டிருந்தேன். எங்கள் பழைய அலுவலக வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தது: சவரிமுத்து சார் காலமானார். அதன் கீழே கூப்பிய கைகள் வரிசையாக விழுந்துகொண்டிருந்தன. நான் கும்பிடவில்லை, ஏனென்றால் நம்பவில்லை. யார் இறந்தார் என்று செய்தி வந்தாலும் முதலில் அந்த ஆளுக்கே போன் போட்டுப் பார்க்க வேண்டும் என்பது சவரிமுத்து சாரின் சட்டம். உயிரோடு இருந்த ஓர் ஓய்வுபெற்ற அதிகாரிக்கு எங்கள் குழு ஒரு முறை மாலையே போட்டுவிட்டது. அவரே வந்து நன்றி என்று எழுதிவிட்டுப் போனார். ஆகவே சாரின் எண்ணுக்கு அடித்தேன். மகள் எடுத்து, அப்பா இல்லைங்க, விடியக்காலையில் நெஞ்சு வலி என்றார். அப்போதும் ஒரு நொடி, இது மகளின் குரல்தானா என்று யோசித்தேன். அவரோடு பழகினால் புத்தி அப்படித்தான் போகும்.

இந்தக் குழுவில், கணினி, செயலி, அரசாங்கம் என்று நாம் நாள்தோறும் மல்லுக்கட்டும் இதே இணையக் குழுவில், சாரை எழுத்தாக மட்டும் தெரிந்தவர்கள் நிறையப் பேர். அவர்களுக்கு அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நேரில் தெரிந்தவர்களுக்கு வேறொன்றும் சொல்ல வேண்டும். சாரைக் காட்டிக்கொடுத்தது தேன்மொழி என்று மூன்று வருடமாக நம்பிக்கொண்டிருக்கிறீர்கள். அவர் இல்லை. யார் என்று எனக்குத் தெரியும். சொல்கிறேன்.

சார் கீரனூர்க்காரர். தினமும் பேருந்தில் புதுக்கோட்டை வந்து போனார். பதவி உதவியாளர். அலுவலகத்தின் பெயரை எழுதவில்லை, அங்கே இன்னும் ஆட்கள் வேலை பார்க்கிறார்கள். பத்து வருடம் அவருக்குப் பக்கத்து சீட்டு என்னுடையது. எங்களுக்கு எதிரே இளநிலை உதவியாளர் தேன்மொழி. மூவரும் ஒரே மேசையில் சாப்பிடுவோம். தேன்மொழி சாரை அண்ணே என்றுதான் கூப்பிடுவார். சார் அவருடைய டப்பாவிலிருந்து கேட்காமலே கருவாட்டை எடுத்துக்கொள்வார்.

இங்கே எழுதியதை வைத்து அவரைக் கணினிக்கு எதிரி என்று நினைத்தவர்கள் உண்டு. தப்பு. எங்கள் அலுவலகத்தில் பத்து விரலாலும் தமிழில் தட்டச்சு செய்த ஒரே ஆள் அவர்தான். பிரிண்டர் மக்கர் செய்தால் ஆள் வரக் காத்திருக்க மாட்டார், சட்டைக் கையை மடித்துக்கொண்டு இறங்கிவிடுவார். கணினி வந்தது நல்லது, மனுக்கள் காணாமல் போவது குறைந்தது என்று வாயாரச் சொன்னவர். ஆனால் தன் கணினியின் கேமரா மேல் ஒரு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டி வைத்திருந்தார். வீட்டம்மாவின் அட்டையிலிருந்து எடுத்து வருவது. வெள்ளிக்கிழமைதோறும் பழையதைப் பிய்த்துவிட்டுப் புதிது ஒட்டுவார். ஆய்வுக்கு வந்த அதிகாரி ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, என்னய்யா இது, மெஷினுக்குப் பூசையா என்று கேட்டார். கண்ணு படாம இருக்கத்தான் சார் என்றார் இவர். அதிகாரி சிரித்துக்கொண்டே போனார். யார் கண் என்று அவர் கேட்கவில்லை.

போனில் எது வந்து அனுமதி கேட்டாலும் அவர் எங்களை நிறுத்தி வைத்துச் சொல்வார்: "எதுக்குக் கேக்குறான்? குடுக்கலைனா என்ன பண்ணுவான்? இந்த ரெண்டுக்கும் பதில் தெரிஞ்சுக்கிட்டு அப்புறம் ஓகேயை அமுக்குங்க." கல்யாண மண்டபத்தில் மொய் எழுதுகிறவர் போன் நம்பர் கேட்டபோதும் இதையே சொன்னார். பெண் வீட்டார் கொஞ்ச நாள் அவரோடு பேசவில்லை.

அப்புறம் வருகைப் பதிவுச் செயலி வந்தது. காலையில் அவரவர் சொந்த போனில் முகத்தைக் காட்ட வேண்டும். நாம் இருக்குமிடத்தை அது எந்நேரமும் பார்க்கும். போனில் உள்ள பெயர்கள், எண்கள் எல்லாவற்றுக்கும் அனுமதி கேட்டது. மேலிடத்திலிருந்து வாய்வார்த்தையாகச் சொன்னார்கள், எல்லோரும் ஏற்றிக்கொண்டோம். சார் எழுத்தில் கேட்டார். வாய்மொழி உத்தரவுக்கு வாயால்தான் கீழ்ப்படிவேன் என்றார். எழுத்தில் வரவே இல்லை. அவர் ஒரு பட்டன் போன் வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்தார். பெரிய போன் வீட்டில் கிடந்தது. அதில்தான் சாயங்காலம் இங்கே எழுதுவார், தன் சொந்தப் பெயரில், பதவியும் ஊரும் போட்டு.

அவரோடு இங்கே ஓயாமல் மோதிய ஒருவரை உங்களுக்கு நினைவிருக்கும். நடுநிலையாளன். அது நான்தான்.

முழுக்க வம்புக்குச் செய்ததல்ல அது, என் கருத்தும் அதுதான். பத்து மணிக்கு ஜனங்கள் வந்து நிற்கிறார்கள், பதினொரு மணி வரை நாற்காலிகள் காலி. செயலி வந்த பிறகு உட்கார்ந்தார்கள். அதை இன்றும் நல்லது என்றுதான் சொல்வேன். நேரில் சொல்ல எனக்குத் தைரியமில்லை, முகமூடி போட்டுக்கொண்டு சொன்னேன். மடியில் கனமில்லை என்றால் வழியில் பயம் எதற்கு என்று எழுதினேன். சார் பதில் எழுதினார்: என் மடியைத் தடவிப் பார்க்க வழியில் நிற்கிறவனுக்கு யார் அதிகாரம் கொடுத்தார்கள்? இன்னொரு நாள்: பத்து மணிக்கு நான் சீட்டில் இருக்கிறேனா என்று வந்து பாருங்கள், ஞாயிற்றுக்கிழமை நான் எந்தக் கோயிலில் நிற்கிறேன் என்பது உங்களுக்கு எதற்கு? கைதட்டல் எல்லாம் அவருக்கே போனது. மறுநாள் மதியம் சாப்பிடும்போது, அந்த நடுநிலையாளன் படித்தவன்தான், ஆனால் கிறுக்கன் என்று எங்கள் இருவரிடமும் சொல்வார். நான் தயிர்ச் சோற்றைப் பிசைந்துகொண்டிருப்பேன்.

செயலி வந்ததும் வருகைப் பதிவேட்டை எடுத்துவிட்டார்கள். சார் என்ன செய்தார் என்றால், ஒரு நீள நோட்டு வாங்கி, அளவுகோல் வைத்துக் கோடு போட்டு, பழைய பதிவேடு மாதிரியே செய்து, காலையும் மாலையும் அதில் கையெழுத்திட்டார். எங்கள் கண்காணிப்பாளர் யாருக்கும் பொல்லாதவராக விரும்பாத மனிதர். சார் வற்புறுத்தியதால் தினமும் சாயங்காலம் அந்த நோட்டில் சுருக்கொப்பம் வைத்தார். ஆனால் பென்சிலில் வைத்தார். பிரச்சினை வந்தால் அழித்துவிடலாம் பாருங்கள். பென்சில் விவரம் தெரிந்தவர்கள் நான்கே பேர்: சார், கண்காணிப்பாளர், பக்கத்து சீட்டில் நான், அப்புறம் அந்த நோட்டைச் சாருக்காக ஒரு நாள் ஜெராக்ஸ் எடுத்து வந்த தேன்மொழி.

ஒரு நாள் வாதத்தில் சார் என்னைப் போட்டு வாங்கு வாங்கென்று வாங்கினார். ஒரு தடவையாவது ஜெயிக்க வேண்டும் என்று எனக்கு வெறி. எழுதினேன்: எனக்குத் தெரிந்த அலுவலகத்தில் ஒருவர் தானே நோட்டுப் போட்டுத் தானே கையெழுத்திடுகிறார், கண்காணிப்பாளர் பென்சிலால் ஒப்பம் வைக்கிறார், இதுதானா உங்கள் போராட்டம்? சிரிப்புப் பொம்மைகள் குவிந்தன. சார் அன்று பதில் எழுதவில்லை. ஜெயித்துவிட்டேன் என்று நிம்மதியாகத் தூங்கினேன், பாவி.

யாரோ அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து மேலே அனுப்பினார்கள். சாரின் பெயர், பதவி, ஊர் எல்லாம்தான் அதே பக்கத்தில் இருந்ததே, எந்த அலுவலகம் என்று கண்டுபிடிக்க எவ்வளவு நேரமாகும்? நோட்டைக் கேட்டார்கள். அது மேலே போவதற்கு முன் கண்காணிப்பாளர் ரப்பரை எடுத்து ஒவ்வொரு பக்கமாக அழித்தார். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஜெராக்ஸிலும் பென்சில் சரியாக விழவில்லை. மிஞ்சியது ஒரு மனிதர் தனக்குத் தானே போட்ட கையெழுத்துகள் மட்டும். அந்த மாதங்களெல்லாம் வேலைக்கு வராத நாட்கள் என்று குறிப்பாணை வந்தது. தினமும் முதல் ஆளாக வந்து ஜன்னல் திறந்தவர் அவர். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே என் வாயால் அவர் கெட்டார்.

சார் யோசித்தார். கண்காணிப்பாளர் தன் தலையில் தானே மண்ணைப் போட்டுக்கொள்ள மாட்டார். நான் அவர் சிநேகிதன். மிச்சம் தேன்மொழி. அதோடு ஒரு சாட்சியும் சேர்ந்தது. தேன்மொழி மகளின் காதுகுத்துக்கு ஒரு வாரம் விடுப்பில் போனார். அந்த வாரம் முழுவதும் நடுநிலையாளன் ஒரு வரி எழுதவில்லை. தேன்மொழி சீட்டுக்கும் பொறுப்பு என்னிடம் இருந்தது, இரண்டு சீட்டு வேலை பார்த்ததில் போனைத் தொட நேரமில்லை. அவ்வளவுதான் விஷயம். கூடுதல் பொறுப்பு பார்த்தவன் என்று என் கையெழுத்து அந்தக் கோப்புகளில் எல்லாம் இருக்கிறது. சார் அதைப் பார்க்கவில்லை.

தேன்மொழி திரும்பி வந்த அன்று நடுநிலையாளனும் திரும்பி வந்தான். சார் எல்லோரும் பார்க்க இங்கே எழுதினார்: தாயே, வீட்டு விசேஷம் நல்லபடியாக முடிந்ததா? நடுநிலையாளன் கணக்கை நான் அன்றோடு மூடினேன். மாட்டிக்கொண்டதும் ஓடிவிட்டாள் என்று நீங்கள் எழுதினீர்கள். நானும் படித்தேன்.

மறுநாள் சாப்பாட்டு மேசையில் சார் டப்பாவைத் திறக்காமலே கேட்டார்: "ஒன்னைய நம்பித்தானே, தேன்மொழி, நோட்டைக் குடுத்தேன்?"

"நான் இல்லண்ணே."

"சரிங்க மேடம்" என்றார் சார்.

நான் அங்கேதான் இருந்தேன், இரண்டு முழம் தள்ளி. அண்ணே என்று கூப்பிட்ட பெண்ணை அன்றிலிருந்து அவர் மேடம் என்றே கூப்பிட்டார். தேன்மொழி தன் டப்பாவை எடுத்துக்கொண்டு ரெக்கார்டு ரூமுக்குப் போய்ச் சாப்பிட ஆரம்பித்தார். அலுவலகம் முழுக்க அவரிடம் பேச்சைக் குறைத்தது. அவர் வந்தால் போனைத் திருப்பி வைத்தார்கள்.

சாரை மணமேல்குடிப் பக்கம் மாற்றினார்கள். ஏற்றிவிட நான்தான் பேருந்து நிலையம் போனேன். சொல்லிவிடலாம் என்று இருந்தேன், சத்தியமாக. அறந்தாங்கி வண்டி வந்து நின்றது. சார் பையை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டு சொன்னார்: "அந்த ஆபீஸ்ல நம்பலாம்னா நீங்க ஒருத்தர்தான். பாத்து இருங்க." ஏறி உட்கார்ந்து ஜன்னல் வழியாகக் கையசைத்தார். நானும் அசைத்தேன். அப்புறம் மூன்று வருடம் வாரந்தோறும் போனில் பேசினோம். கடல் காற்றில் கீபோர்டு துருப்பிடிக்கிறது என்பார், அங்கேயும் பொட்டு ஒட்டிவிட்டேன் என்பார். ஒவ்வொரு வாரமும் அடுத்த வாரம் சொல்லலாம் என்று வைத்தேன். கேமராவைச் சந்தேகப்பட்டார், செயலியைச் சந்தேகப்பட்டார், அரசாங்கத்தைச் சந்தேகப்பட்டார். என்னை ஒரு நாளாவது சந்தேகப்பட்டிருக்கக் கூடாதா என்று எனக்கு இப்போது ஆத்திரமாக வருகிறது.

கீரனூர் கல்லறையில் அடக்கம். தேன்மொழி வந்திருந்தார். உள்ளே வரவில்லை, சுவருக்கு வெளியே செருப்பைக் கழற்றாமல் நின்றார். சாரின் வீட்டார் பார்த்தும் பார்க்காதது போல நடந்தார்கள். பெட்டியை இறக்குவதற்கு முன்னால் நான் வெளியே போய் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

அவர் அழவில்லை, திட்டவும் இல்லை. "நான் செய்யலைன்னு எனக்குத்தான் தெரியுமே. எங்கிட்ட வந்து எதுக்குச் சொல்றீங்க? தெரியாதவங்ககிட்டப் போயிச் சொல்லுங்க."

அப்புறம் செருப்பைக் கழற்றிவிட்டு, யாரையும் கேட்காமல், கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே போனார். குனிந்து ஒரு பிடி மண் அள்ளினார். அண்ணே என்று அவர் சொன்னது எனக்குக் கேட்டது. மண் பெட்டி மேல் விழுந்தது.

சவரிமுத்து சார், போய் வாருங்கள். உங்களிடம் சொல்ல வேண்டிய நேரத்தில் சொல்லவில்லை. இப்போது சொல்வது உங்கள் காதில் விழாது என்பதால்தான் எனக்குத் தைரியம் வந்திருக்கிறது என்று நீங்கள் சந்தேகப்பட்டால், அந்தச் சந்தேகம் சரி.

குழுவில் இருப்பவர்களுக்கு: இதை என் சொந்தப் பெயரில் எழுதுகிறேன். தங்கராசு, உதவியாளர், புதுக்கோட்டை. சார் வீட்டாருக்கும் ஒரு படி கையில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன். உங்களில் யாராவது இதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து மேலே அனுப்புவீர்கள். தாராளமாக அனுப்புங்கள். எடுக்கும்போது மட்டும், தேன்மொழி இல்லை, நான்தான் என்ற இந்த வரி முழுசாகத் தெரியும்படி எடுங்கள்.