கவனமா, காதா, எழுத்தா?

ஒரு குழந்தைக்குப் படிப்பு ஏன் ஏறவில்லை என்று கண்டுபிடிப்பதுதான் என் தொழில். காய்ச்சலுக்கு இருப்பதுபோல இதற்கும் ஒரு தெர்மாமீட்டர் இருந்திருந்தால் என் தலை இத்தனை சீக்கிரம் நரைத்திருக்காது. தொண்ணூறுகளில் பீளமேட்டில் ஒரு மாடியறையில் உட்கார்ந்து அந்த வேலையைப் பார்த்தேன். ‘உங்க பையனைப் பத்திப் பேசணும்’ என்று பள்ளிக்கூடத்திலிருந்து ஆள் வந்ததும் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடிய பெற்றோரா நீங்கள்? அப்படியானால் நாம் ஒரே கட்சி.

ஜன்னலுக்கு ஓடியவள்

கோபிசெட்டிபாளையத்திலிருந்து ஒரு விவசாயி, மூன்றாவது படிக்கும் மகள் சுமதியைக் கூட்டி வந்தார். ஓரிடத்தில் உட்காருவதில்லை, கவனமே இல்லை, வேறு பள்ளிக்கூடம் பாருங்கள் என்று சொல்லிவிட்டார்களாம். வாசிக்கப் புத்தகம் கொடுத்தேன். ஜன்னலுக்கு ஓடினாள். தண்ணீர் கேட்டாள். பென்சிலைச் சீவினாள். புத்தகத்தை எடுத்து வைத்துவிட்டு, துண்டு துண்டாக வெட்டிய படம் ஒன்றைச் சேர்க்கச் சொன்னேன். சாப்பாட்டு நேரம் தாண்டியும் தலை நிமிரவில்லை.

இன்னும் சில தடவை வரச்சொல்லிப் பார்த்தேன். கதை சொன்னால் கடைசிவரை கேட்பாள். எழுத்தைக் கண்டால்தான் கால் நிற்காது. கவனத்தில் குறையில்லை, எழுத்தைக் கூட்டிப் படிப்பதுதான் சிரமம், வேறு விதமாகச் சொல்லிக் கொடுத்தால் படித்துவிடுவாள் என்றேன். அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: “நல்லவேளைங்க. படிப்பு வராதாட்ட இருக்குதுன்னு புள்ளைக்கு மேய்க்க எருமை வாங்கச் சொல்லி வெச்சுப்போட்டனுங்க.”

கூப்பிட்டால் திரும்பாதவன்

உக்கடத்தில் துணி தைக்கும் ஸ்டெல்லாவின் மகன் ஜான்சனுக்கு நாலு வயதாகியும் பேச்சில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை. ஆட்டிசமாக இருக்கும் என்று யாரோ சொல்ல, அந்த வார்த்தையைச் சுமந்துகொண்டு தூங்காத கண்ணோடு வந்திருந்தார். பையனோ ஜன்னல் வழியே பஸ்ஸைக் காட்டினான். நான் பார்த்தேனா என்று என் முகத்தையும் பார்த்தான். அம்மா கண்ணைத் துடைத்ததும் ஓடிப்போய் மடியில் ஏறிக்கொண்டான். இப்படி முகம் பார்த்து ஒட்டுகிற பையனுக்கு ஆட்டிசமாக இருக்காது, முதலில் காதைப் பரிசோதித்துவிடுவோம் என்று அனுப்பினேன்.

கேட்கும் கருவி மாட்டிக்கொண்டு ஜான்சன் மறுபடி வந்தபோது, பின்னாலிருந்து சாவிக்கொத்தை ஆட்டினேன். சட்டென்று திரும்பிச் சிரித்தான். இனிப் பேச்சுப் பயிற்சி தொடங்கலாம் என்றேன். ஸ்டெல்லா அழுதுகொண்டே சிரித்தார்: “இனி நானும் எங்க ஊட்டுக்காரரும் மெதுவாத்தான் சண்டை போடோணுமுங்க.”

ஒண்ணைச் சொல்லுங்க

கார்த்தியின் அப்பா மோட்டாருக்குக் காயில் சுற்றும் பட்டறை வைத்திருந்தார். கார்த்தி வாய்க்கணக்கில் புலி. எழுதச் சொன்னால் எழுத்தெல்லாம் கோட்டை விட்டு இறங்கிவிடும். அதோடு பிடித்த விளையாட்டிலும் பாதியில் எழுந்து போய்விடுவான். கவனம் ஒன்று, எழுதுவது ஒன்று, இரண்டிலுமே சிரமம் இருக்கிறது என்றேன். “காயில் போச்சா, ஸ்டார்ட்டர் போச்சா, ஏதாவது ஒண்ணைச் சொல்லுங்க மேடம்,” என்றார். “ரெண்டும் போன மோட்டார் உங்க பட்டறைக்கு வந்ததே இல்லீங்களா?” என்றேன்.

வீட்டுப் பாடத்தைச் சின்னச் சின்னதாகப் பிரித்தோம். நடுநடுவே ஓடிவிட்டு வர விட்டோம். பாதிக் கணக்கை வாயால் சொல்ல டீச்சரும் சம்மதித்தார். வருஷக் கடைசியில் பையன் பாஸாகிவிட்டான். மைசூர்பாக்குப் பெட்டியோடு வந்த அப்பா, அதைத் திறந்து என் பக்கம் நகர்த்தினார். பிறகு சொன்னார்: “எனக்கும் இதே ரெண்டுந்தானுங்க இருந்திருக்கோணும். என்னன்னா, எனக்கு டெஸ்ட் எடுத்தது எங்கப்பாரு, புளிய விளாறுல.”

இத்தனை வருஷத்தில், தன் கோளாறைப் புத்தகத்தில் போட்டிருப்பதுபோலவே ஒழுங்காகக் கொண்டுவந்து என் முன்னால் உட்கார்ந்த குழந்தையை நான் இன்னும் பார்க்கவில்லை.