முப்பது உருப்படி

வெள்ளவத்தையில் எங்கள் ஆய்வுப் பிரிவு இரண்டாம் மாடியில் இருந்தது. கடற்கரைப் பக்கம் ரயில் போனால் கதையை நிறுத்திவிட்டுக் காத்திருக்க வேண்டும். பதினெட்டு வருடம் அங்கே மற்றவர்களின் டேட்டாவுக்குப் புள்ளிவிவர டெஸ்ட் போட்டுக் கொடுத்தேன். இப்போது அந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு என் கெட்டித்தனத்தைச் சொல்லப் போவதில்லை. ஒரு மடத்தனத்தைச் சொல்கிறேன்.

சுகந்தி மிஸ் கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ்ஸில் வருவார். பாடசாலையில் சங்கீதம் படிப்பித்துக்கொண்டே எம்ஃபில் செய்தவர். ஒலிப்பதிவிலிருந்து பாடகரின் சுருதியைக் கண்டுபிடிக்கும் புரோகிராம் ஒன்றை எழுதியிருந்தார். பழைய முறையைவிட அது திறம் என்று காட்ட வேண்டும். மாநாட்டில் ஒரு கட்டுரை வெளிவந்தால்தான் தீசிஸை எடுப்பார்கள். அந்த வருடத்தோடு அவருடைய பதிவுக் காலமும் முடிகிறது.

அவர் கொண்டுவந்த ஷீட்டில் அறுநூறு வரி. இருபது பாடகர்கள்.

“எத்தனை உருப்படி மிஸ்?” என்றேன்.

“முப்பது சேர்.”

ஆளுக்கு முப்பது என்று நானே எடுத்துக்கொண்டேன். இருபதை முப்பதால் பெருக்கினேன், அறுநூறு. அடடா, கணக்கு எவ்வளவு அழகாக வந்தது! டெஸ்டைப் போட்டேன். வித்தியாசம் தற்செயல் என்று ஒருவரும் வாய் திறக்க முடியாத அளவுக்குப் பி வெல்யூ சின்னதாக இருந்தது. கட்டுரையை ஏற்றுக்கொண்டார்கள். மிஸ் எல்லாருக்கும் வடை வாங்கி வந்தார்.

அச்சுக்குப் போகுமுன் பாட்டுப் பட்டியல் கேட்டார்கள். மிஸ் ஒரே ஒரு தாளை நீட்டினார்.

“மிச்சத் தாள் எங்க மிஸ்?”

“மிச்சமா? இருபது பேரும் பாடினது அவ்வளவுதான் சேர். முப்பது உருப்படி எண்டு அண்டைக்கே சொன்னனானே. ஒவ்வொண்டையும் இருபது துண்டா வெட்டினனான்.”

சங்கீதக்காரருக்கு உருப்படி என்றால் ஒரு முழுப் பாட்டு. பாட்டு முடியும்வரை சுருதி மாறாது. ஒரு துண்டில் சரியாகச் சொன்ன புரோகிராம் அநேகமாக இருபதிலும் சரியாகச் சொல்லும், பிழைத்தால் இருபதும் பிழை. ஒரே சாட்சியை இருபது தரம் கூண்டில் ஏற்றியிருக்கிறேன்! பாட்டுக்கு ஒன்றாக வைத்துத் திரும்பப் போட்டேன். முப்பதில் மூன்று பாட்டில் புது முறை முந்தியது, ஒன்றில் பிந்தியது, மிச்சத்தில் இரண்டும் சமம். அதை வைத்து எதையும் நிரூபிக்க ஏலாது.

“இன்னும் பாட்டுச் சேர்ப்பமே சேர்?”

“அச்சுக்குப் போக மூண்டு கிழமைதான் கிடக்கு, அதுக்குள்ள ஏலாது மிஸ்.”

அவர் ஸ்கிரீனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஆருக்கும் தெரியாதுதானே...” என்றார். உடனே, “சீ, என்ன கதை கதைக்கிறன். வாபஸ் வாங்குவம் சேர்.”

டிசம்பரோடு பதிவு காலாவதியானது. அவர் திரும்ப விண்ணப்பிக்கவில்லை. ஏழு வருட உழைப்பு அப்படியே போய்விட்டது.

எந்த டெஸ்ட் என்று யோசிக்குமுன், ஷீட்டில் ஒரு வரி என்பது என்ன என்று கேளுங்கள். அது என் கேள்வி. அதைக் கேட்கத்தான் எனக்குச் சம்பளம் தந்தார்கள்.

வாபஸ் கடிதத்தை அனுப்புமுன் மிஸ் என்னிடம் காட்டினார். தரவை விளக்கியதில் பிழை தன்னுடையது என்று எழுதியிருந்தார். ஒரு எழுத்துப் பிழையைத் திருத்திக் கொடுத்தேன். அந்த வரியில் கை வைக்கவில்லை.