யாரும் சீண்டாத பெயர்கள்

கூடுவாஞ்சேரியில் மனை வாங்கிப் போட்டவர்கள் கண்ணெதிரே வசதியானதைப் பார்த்து, நான் இணையதளப் பெயர்களை வாங்கிப் போட்டேன். எல்லாம் மாமல்லபுரம் கடற்கரை விடுதிகளுக்குப் பொருந்தும் பெயர்கள். விற்க விடுதி விடுதியாக ஏறி இறங்கினேன். ஒரு மேலாளர் சிரித்தார். "இப்போ யாரு சார் பேரை டைப் பண்ணி வர்றாங்க? எல்லாம் புக்கிங் ஆப்புலதான்."

ஆனாலும், விட்டால் வேறொருவன் எடுத்துச் சம்பாதித்துவிடுவானோ என்ற பயத்தில் வருடாவருடம் பணம் கட்டிப் புதுப்பித்தேன். "மனைன்னா மாட்டயாவது கட்லாம் மாமா. இத்த வச்சிகினு இன்னா பண்ணுவ?" என்றான் மனைவியின் தம்பி.

இந்த வருடம் எதையும் புதுப்பிக்கவில்லை. விட்ட பெயர்களை யாராவது எடுத்தார்களா என்று மட்டும் தினமும் பார்க்கிறேன். இதுவரை ஒன்றைக்கூட யாரும் சீண்டவில்லை.