பொட்டு வைத்த சிடி

ஜெர்மனியில் என் பக்கத்து வீட்டுக்காரர் ஹெல்முட், ஒரு கரண்டி உப்பு வேண்டுமென்றாலும் முதல் நாளே நேரம் கேட்டுவிட்டுத்தான் வருவார். ஆட்டையாம்பட்டியில் எங்கள் வீட்டுக் கதவை யாரும் தட்டியதே கிடையாது. குரல் முதலில் வரும், ஆள் பின்னால் வருவார். அந்த ஹெல்முட்டிடம்தான் சனிக்கிழமை மூன்று மணிக்கு நேரம் வாங்கி, ஊரிலிருந்து கொண்டுவந்த பதினான்கு சிடிகளோடு போனேன். என் லேப்டாப்பில் சிடி போட இடமே இல்லை. அவருடைய பழைய கம்ப்யூட்டரில் இருந்தது.

காதுகுத்து, புதுவீடு புகுந்தது, தங்கை கல்யாணம் என்று பதின்மூன்றுக்கு நகல் எடுத்தாயிற்று. எல்லாவற்றிலும் அப்பா வாயசைக்கிறார், பேச்சு கேட்காது. ஊர் ஸ்டூடியோக்காரர் ஆரம்பம் முதல் கடைசிவரை சினிமாப் பாட்டை ஏற்றிவிட்டிருந்தார். ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி வாங்கி அப்பா பூசை போட்ட சிடியில் மட்டும், பாட்டு தீர்ந்துபோய்க் கடைசியில் அவர் குரல் கொஞ்சம் உண்டு. அவர் இறந்து ஒன்பது வருடமாகிறது. அந்தக் குரல் வேறெங்கும் இல்லை. அதற்காகத்தான் இத்தனை பாடும்.

அந்தச் சிடிதான் ஓடவில்லை. ஹெல்முட் அதைத் திருப்பிப் பார்த்து, “ப்ளூட்?” என்றார். இரத்தமாம்! “நைன், நைன்” என்று மறுத்தேன். ஆயுத பூசையன்று அம்மா வைத்த சந்தனமும் குங்குமமும் அது. மின்னுகிற பக்கம்தான் முகம் என்று நினைத்து அங்கேயே வைத்துவிட்டாள். அன்றைக்கு எங்கள் பக்கம் அரிவாள்மணை முதல் டிவி ரிமோட் வரை எதுவும் பொட்டுக்குத் தப்பாது என்பதை நான் எந்த ஜெர்மன் சொல்லில் விளக்க? அவர் ஈரத்துணியை எடுத்துவிட்டார். கேட்காமல் துடைக்க எனக்கு மனசு வரவில்லை. அம்மாவுக்குப் போன் போட்டேன்.

“பொட்ட அழிச்சாத்தான் ஓடுங்கம்மா. அழிச்சரட்டுங்களா?”

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அப்பாவின் காரியத்தன்று அம்மாவைச் சுற்றி நின்றவர்கள் சொன்ன சொல் அது.

அம்மா, “எனக்கு அழிச்சப்ப ஆருங் கேக்கல சாமி. இதுக்காச்சும் நீ கேட்டியே. அழிச்சுப்போடு, அவுரு பேசட்டும்” என்றாள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஹெல்முட் என் முகத்தைப் பார்க்காமல், நடுவிலிருந்து விளிம்புக்கு மெதுவாகத் துடைத்தார்.

ஓடியது. பாட்டு நின்றதும், “சாமி, இங்க வா சாமி” என்றார் அப்பா.

“கும்பிடுகிறாரா?” என்று கேட்டார் ஹெல்முட். சாமி என்றால் கடவுள் என்று அவருக்கு எப்போதோ சொல்லிக்கொடுத்தவன் நான்தான்.

“இல்லை, என்னைக் கூப்பிடுகிறார்” என்றேன்.

அம்மா இன்னும் போனை வைக்கவில்லை. “கூப்புடறாருல்ல, வாரேன்னு சொல்லு சாமி.”

“வாரேனுங்கப்பா” என்றேன். ஒவ்வொரு முறை ஊரைவிட்டுக் கிளம்பும்போதும் நான் சொல்வது அதே சொல்தான்.