ஆலிவ் வாயைத் திறக்கவில்லை

இது உண்மையாக நடந்தது. இரவில் நடந்திருந்தால் கண்மயக்கம் என்று நானே தள்ளியிருப்பேன். ஆனால் நடந்தது ஜூலை மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை, நல்ல பகல் வெளிச்சத்தில். 3:12-க்குத் தொடங்கி 3:17-க்கு முடிந்தது. குறிப்பேட்டில் நானே எழுதிய நேரம். அன்று எனக்கு முதலில் வந்தது பயம் இல்லை, குமட்டல். இன்றைக்கு நினைத்தாலும் அதுதான் முதலில் வருகிறது.

என் பெயர் கெய்லீன். தனியாக விட்டால் தவித்துப்போகும் நாய்களைப் பழக்குவது என் தொழில். மந்திரம் ஒன்றும் கிடையாது. வீட்டுக்காரர் ஒரு நிமிஷம் வெளியே போவார். நாய் பதறுவதற்குள் திரும்பிவிடுவார். அடுத்து இரண்டு நிமிஷம், ஐந்து, பத்து என்று கூட்டிக்கொண்டே போவோம். நான் தெருவோரம் காரில் உட்கார்ந்து, உள்ளே வைத்த கேமராவைத் தொலைபேசியில் பார்ப்பேன். நாய் கதவருகே ஓடுவது, எச்சில் வடிப்பது, ஊளையிடுவது, எல்லாவற்றுக்கும் நேரம் எழுதுவேன்.

டாரன் ட்ரெம்பாத்துக்கு வாலரூ துறைமுகத்தில், தானியக் கிடங்கில் வேலை. ஐம்பது வயது இருக்கும். அவருடைய நாய் ஆலிவ், பந்தய ஓட்டத்திலிருந்து கழித்துத் தத்துக்கு விட்ட கறுப்பு கிரேஹவுண்ட். ஆள் இல்லாத நேரத்தில் அந்த வீட்டிலிருந்து வரும் ஊளை தாங்கவில்லை என்று பக்கத்து வீட்டு நோரீன் நகராட்சிக் கவுன்சிலில் புகார் கொடுத்திருந்தார்.

“மாசக் கடைசி வரைக்கும் பாப்பேன். அதுக்குள்ள வாயை மூடலைன்னா ஊசி போட்டுக் கொன்னுட வேண்டியதுதான்,” என்றார் டாரன்.

“தத்து குடுத்தவங்ககிட்டயே திருப்பிக் குடுத்துடலாமே?”

“அடிலெய்டு வரைக்கும் எவன் வண்டி ஓட்டுறது? ஊசின்னா இங்கயே போட்டுடுவாங்க.”

ஆலிவ் அவர் காலடியில் தலையை வைத்துப் படுத்திருந்தது. அந்த நிமிஷமே எனக்கு அந்த ஆளைப் பிடிக்காமல் போயிற்று. நாய்க்காகத்தான் வேலையை ஒத்துக்கொண்டேன்.

வீட்டுக்குள் நுழைந்ததும் மூத்திர வாடை. எலுமிச்சை மணத் திரவம் ஊற்றித் துடைத்திருந்தார்கள். அதையும் மீறி அடித்தது. நாய் கதவுப் பக்கத்திலேயே போய்விடுகிறது என்றார் டாரன். நான் மண்டியிட்டுத் தரை விரிப்பை முகர்ந்தேன். என் தொழிலில் இதெல்லாம் உண்டு. அது நாயின் வாடை இல்லை. முதியோர் இல்லத்துச் சலவையறையில் நான்கு வருஷம் வேலை பார்த்தவள் நான். அந்த வாடை எனக்குத் தெரியும். பழைய விரிப்பு, யாருடையதோ என்று சொல்லிக்கொண்டு கையைத் துடைத்தேன்.

முன்கதவில் இன்னொன்றும் உறுத்தியது. தாழ்ப்பாள் வெளிப்பக்கம் இருந்தது.

“இது எதுக்கு வெளியில?”

“முன்னாடி தேவைப்பட்டுது,” என்றார்.

முதல் வாரம் முழுக்கக் கணக்கு இடித்தது. உள்ளே பள்ளம் உள்ள ரப்பர் பொம்மையில் கொத்துக்கறியும் கடலை வெண்ணெயும் அடைத்து, உறைய வைத்துக் கொடுப்போம். நக்கி நக்கித் தின்னும் நேரத்தில் நாய் தனிமையை மறக்கும். ஆனால் பதறுகிற நாய் அதைத் தொடவே தொடாது. எந்தக் கறி வைத்தாலும் சரி, தொண்டைக்குள் இறங்காது. இந்த வீட்டிலோ நாலு தெருவுக்குக் கேட்கிற ஊளை, அதோடு வழித்துச் சுத்தமாக்கிய பொம்மை. இரண்டும் ஒரே நாயிடம் சேர்ந்து வராது. அந்த வாரம் கேமராவில் ஒலி வரவில்லை, படமும் பாதி இருட்டு. செவ்வாய்க்கிழமை புதுக் கேமரா கொண்டுபோனேன்.

3:12. டாரன் வெளியே வந்து தாழ்ப்பாளைப் போட்டார். பழக்கதோஷம் போலிருக்கிறது. என் காரில் ஏறி, கறி அடைத்துச் சுட்ட பாஸ்டி ஒன்றைப் பிரித்துத் தின்ன ஆரம்பித்தார். தக்காளி சாஸ் அவர் தாடையில் வழிந்து என் இருக்கையில் சொட்டியது.

திரையில் கூடம் தெரிந்தது. முன்கதவும் முழுசாகத் தெரிந்தது. கதவருகே ரப்பர் பொம்மை கிடந்தது.

ஆலிவ் கதவுக்குப் போகவில்லை. தவிக்கிற நாய் கதவைத்தான் பிறாண்டும். இது கதவைப் பார்த்தபடியே பின்னால் நகர்ந்தது. ஒவ்வொரு அடியாக... சமையலறைச் சுவரில் முதுகு இடிக்கும்வரை.

3:13. ஊளை கிளம்பியது.

நீளமாக, இறங்கி இறங்கி ஏறியது. நான் பேனாவை எடுத்தேன். எழுதப்போனவள் திரையைப் பார்த்தேன்.

ஆலிவின் வாய் மூடியிருந்தது.

ஒலி பிந்தி வருகிறது என்று நினைத்தேன். பத்து எண்ணினேன். இருபது எண்ணினேன். ஊளை நிற்கவில்லை. நாய் வாயைத் திறக்கவும் இல்லை. உடம்பு மட்டும் வெடவெடவென்று ஆடியது.

“டாரன். இதைப் பாருங்க.”

அவர் பார்க்கவில்லை. மென்றுகொண்டே பேசினார்.

“அஞ்சு நிமிஷம், இந்தாம்மா. அப்புறம் தானா அடங்கிடும். அம்மாவும் இப்படித்தான். வேலைக்குக் கிளம்புனா போதும், ஒப்பாரி வைக்கும். திரும்பியே பாக்கக் கூடாது. பாத்தா அதையே பழக்கமாக்கிடும்.”

“உங்க அம்மாவையா... உள்ள வச்சுத் தாழ் போட்டீங்க?”

“மறதி நோய். ரோட்டுல இறங்கிடும். வேற என்ன பண்றது? போய் மூணு மாசம் ஆச்சு, விடு.” விரலை நக்கினார்.

எனக்கு அவர் பக்கத்தில் உட்காரவே கூசியது.

3:15. பொம்மை நகர்ந்தது.

ஆலிவ் சுவரோடு ஒட்டி நின்றது. பொம்மை தானாக உருண்டு, கதவின் அடியில் போய் நின்றது. நக்குகிற சத்தம் கேட்டது. சப்... சப்... நடுவில் ஒரு செருமல்.

3:16. ஊளை தேய்ந்து, மூக்கை உறிஞ்சுகிற சத்தமாயிற்று.

3:17. அமைதி.

பிறகு கதவுப் பிடி திரும்பியது.

உள்ளேயிருந்து.

மெதுவாக.

ஒருமுறை... இன்னொரு முறை...

நான் ஓடினேன். உள்ளே ஆலிவ் இருக்கிறது என்பது மட்டும்தான் மனசில் இருந்தது. தாழ்ப்பாளை இழுத்தேன். கதவைத் தள்ளினேன். திறக்கவில்லை. அந்தப் பக்கம் ஏதோ பாரமாகச் சாய்ந்திருந்தது.

திரும்பத் தள்ளினேன்.

பாரம் விலகியது.

யாரும் இல்லை.

விரிப்பு நனைந்திருந்தது. மண்டியிட்டபோது ஈரம் கால்சட்டை வழியாக முழங்காலில் ஏறியது. வெதுவெதுப்பாக இருந்தது. பொம்மையை எடுத்தேன். எச்சில் நூல் நூலாக என் மணிக்கட்டுவரை வழிந்தது. பள்ளத்துக்குள் இளஞ்சிவப்பாக ஏதோ அப்பியிருந்தது. புதினா வாசம். சலவையறையில் தலையணை உறைகளிலிருந்து தினமும் சுரண்டி எடுத்திருக்கிறேன். பல்செட் ஒட்டுகிற பசை.

சீ. வாசலிலேயே வாந்தி எடுத்தேன்.

ஆலிவைக் கழுத்துப் பட்டையைப் பிடித்து வெளியே கொண்டுவந்தேன். அதன் வாய் காய்ந்து போயிருந்தது. “நாயை எனக்கே எழுதிக் குடுத்துடுங்க,” என்றேன் டாரனிடம். காரின் முன்மூடியில் காகிதத்தை வைத்து அங்கேயே கையெழுத்துப் போட்டார். “ஒரு தொல்லை விட்டுது,” என்றார். ஆலிவைக் காரில் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன்.

என் வீட்டில் ஆலிவை நான்கு மணி நேரம் தனியாக விட்டுப் பார்த்தேன். நாலு காலையும் மேலே தூக்கிக்கொண்டு தூங்கியது. ஒரு முனகல்கூட இல்லை. அதற்கு எந்த நோயும் இருந்ததே இல்லை.

ஆனால் கவுன்சில் பதிவில் அதன் பெயரில் புகார் நின்றது. அது இருக்கும்வரை நல்ல குடும்பம் எதுவும் ஆலிவைத் தத்தெடுக்காது. வாபஸ் வாங்கச் சொல்லி ஒன்பதாம் நாள் நோரீன் வீட்டுக்குப் போனேன். ஆலிவைக் காரிலேயே விட்டிருந்தேன்.

எழுபது வயதுப் பெண்மணி. சமையலறை மேசையில் கவுன்சில் கொடுத்த படிவங்களை அழகாகக் கோத்து வைத்திருந்தார். தேதி, தொடங்கிய நேரம், நின்ற நேரம்.

“ஒரு நாளும் விடாம எழுதியிருக்கேன், கண்ணு. கேட்டதுல இருந்தே.”

முதல் பக்கத்தைப் பார்த்தேன். ஏப்ரல் ஒன்பது. ஆலிவின் தத்துக் காகிதம் என் பையில் இருந்தது. எடுத்து மேசையில் வைத்தேன். ஜூன் இரண்டு.

“ஏப்ரல்ல அந்த வீட்டுல நாயே இல்லையே?”

நோரீன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

“அப்படியா? அவன் அம்மா மேவிஸை அடக்கம் பண்ணினது திங்கக்கிழமை. புதன்கிழமைதான் டாரன் வேலைக்குத் திரும்பினான். அன்னைக்கு ஆரம்பிச்சுது. நாய் வாங்கிட்டான் போலன்னு நெனச்சேன்.”

“அவன் அம்மா எப்படிப் போனாங்க?”

“அடக்கத்துக்கு முந்தின வாரம், சனிக்கிழமை மீன் பிடிக்கப் போனவன் திங்கக்கிழமை வந்து பாத்தான். கதவை ஒட்டியே கிடந்தாங்களாம். இவனால கதவைத் தள்ளித் திறக்கவே முடியலையாம்.”

நான் படிவங்களை மறுபடி முதல் பக்கத்துக்குத் திருப்பினேன்.

“அவங்க உயிரோட இருந்தப்போ இதே சத்தம் கேட்டுதா?”

“தெனமும் கேட்டுது. ரெண்டு வருஷமா.”

“அப்போ யார்கிட்டயும் சொல்லலையா?”

“யார்கிட்ட சொல்றது, கண்ணு? கவுன்சில்ல நாய்க்குத்தான் படிவம் இருக்கு.”

அவர் கடைசிப் பக்கத்துக்குத் திருப்பினார். ஆலிவ் என்னோடு வந்துவிட்ட பிறகான ஒன்பது நாளும் அதில் இருந்தன. அன்றைய தேதிக்கு நேராகத் தொடங்கிய நேரம் ஏற்கெனவே எழுதியிருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் மிச்சமிருந்தது. நோரீன் சுவர்ப்பக்கம் காதைச் சாய்த்துக் காத்திருந்தார். பிறகு கடிகாரத்தைப் பார்த்து, நின்ற நேரத்தையும் எழுதிவிட்டு, எனக்கு டீக்கு எத்தனை ஸ்பூன் சர்க்கரை என்று கேட்டார்.